பாதிக் கடல்

சேலம் பஸ் நிலையத்தில் அத்தா ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். "இன்னும் ஒரு சிட்டிகை கேக்குது" என்று கல்லுப்பைப் பொடித்துப் போட்டார். தர்மபுரியில் கல்யாண பிரியாணி என்றால் அப்துல் கனி என்று பேர் வாங்கியவர். உப்பு விஷயத்தில் அவர் நாக்கை எதிர்த்து யாரும் பேச முடியாது.

பாட்டிலில் இருந்தது குழம்பு அல்ல, கடல். எண்பத்தைந்தில் கல்லூரியில் விலங்கியல் படித்த எங்களை மண்டபம் கடற்கரைக்கு டூர் அழைத்துப் போனார்கள். தானும் கூட வருவதாக இருந்தால்தான் அனுப்புவேன் என்றார் அத்தா. சொன்னபடியே தொப்பியும் தானுமாக முன் சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். என் தோழி தீர்த்தம்மாளைத்தான் வீட்டில் விடவில்லை. தை பிறந்தால் கல்யாணம், படிப்பும் அதோடு சரி.

"சங்கு கிங்கு வேணான்டி வஹிதா. உசுரோட ஏதாச்சும் கொண்டா. நான் எங்க கடலப் பாக்கப் போறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

மண்டபத்தில், எங்களுக்குப் பாடம் எடுத்த சகாயமேரி மேடம் ஒரு குழாய்ப்புழுவைத் தேடிக் கொடுத்தார். மணலை ஒட்டித் தானே கட்டிக்கொண்ட குழாய்க்குள் புழு குடியிருந்தது. அந்தக் குழாயின் வாயைச் சுற்றி, லென்ஸ் வைத்தால் மட்டுமே தெரிகிற ஹைட்ராய்டு என்னும் பொடி உயிர்களின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் இரண்டே கை. புழு சேர்க்கும் இரையில் கை நீட்டி எடுத்துக்கொள்ளும். அத்தாவும் பார்த்துவிட்டு, "பந்தியில பாத்த ஆளுங்க மாதிரியே இருக்குது" என்றார். புழு வெளியேறிவிட்டால் இவை கை சுருங்கி உருவமே இல்லாமல் போய்விடும், பத்திரம் என்றார் மேடம்.

ஊர் திரும்பும்போது மூடி தளர்ந்து பாதித் தண்ணீர் என் மடியில் கொட்டிவிட்டது. சேலத்தில் மேடம் டீ குடிக்கப் போயிருந்த நேரம், அத்தா குழாய்த் தண்ணீரும் கல்லுப்புமாகக் கடலை நிரப்பிவிட்டார். கடல் என்றால் உப்புத்தண்ணீர்தானே. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

மறுநாள் காலை பஸ் ஏறி, இண்டூரில் இறங்கி தீர்த்தம்மாள் வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்குச் சுவரெல்லாம் வெள்ளையடித்திருந்தார்கள். பையிலிருந்து பாட்டிலை எடுத்தால், குழாயை விட்டு வெளியே வந்து அடியில் கிடந்தது புழு. அசைவே இல்லை.

"எல்லாம் போச்சுடி" என்றேன். அழுகை வந்துவிட்டது.

தீர்த்தம்மாள் லென்ஸை வாங்கி, பாட்டிலை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "இரு, ஒண்ணு இருக்குது. கையத் தூக்கிட்டு நிக்குது."

நானும் பார்த்தேன். மற்றவை சுருங்கிப் புள்ளியாகிவிட்டன. ஒன்று மட்டும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது.

"வேற புழு வந்தா பொழச்சுக்குமா?"

"பொழச்சுக்கும்னாங்க மேடம்."

"இண்டூருக்கு எங்கடி வரும்" என்றவள், விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். "கடல் இப்பிடித்தான் இருக்குமா?"

"பாதிதான்டி கடல். மீதி எங்க அத்தா போட்ட உப்பு."

"அதான் ருசியா இருக்குது" என்று சிரித்தாள். அவள் அம்மா வாசலுக்கு வந்து முறைக்கும்வரை இருவரும் சிரித்தோம். அதன்பின் எத்தனையோ கடல் பார்த்துவிட்டேன். அந்தப் பாட்டில் அளவுக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. அவள் ஒரு தடவையாவது பார்த்தாளா, தெரியவில்லை.

அன்று, பென்னாகரத்திலிருந்து தர்மபுரி திரும்பும் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். பாட்டிலைப் புது வெள்ளைச் சுவரின் மேல் வைத்துவிட்டு, பஸ் திரும்பும்வரை இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டே நின்றாள்.