பாம்பு ராணி உட்கார்ந்த கல்

காளியம்மாவுக்கு சினிமா பிடிக்காது. இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் ஷர்மினியோடு காரில் ஏறி, ஒரு மாயாஜாலப் படம் எடுத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கக் கிளம்பினாள் என்றால், அதற்குக் காரணம் முனியாண்டி சாமிதான். ஈப்போவில் ஆரம்பித்து பீடோர்ப் பக்கம் முடிகிற சுற்று அது என்று ஷர்மினி சொன்னதும், "அப்ப முனியையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம்லா" என்று தேங்காய், எலுமிச்சம்பழம், சுருட்டு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டாள்.

பீடோரைத் தாண்டி, ரப்பர் பால் எடுத்து, பிறகு ஆளில்லாமல் போன ஒரு கித்தாத் தோட்டத்தில், அரசமரத்தடியில் இருக்கிற கல்தான் அந்த முனி. காளியம்மா அந்தத் தோட்டத்துக்காரி அல்ல. போன வருஷம் மகன் தனேஷ் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கையுறைத் தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற ஒருத்திதான் அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னாள். காளியம்மா போய் விழுந்தாள். பிள்ளை எழுந்து நடந்தால் சேவல் அறுத்துப் படைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். தனேஷ் எழுந்தான். இப்போது நொண்டாமல் நடக்கிறான், வேலைக்கும் போகிறான். அடுத்த ஞாயிறு படையல். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து சொந்தக்காரர்கள்கூட வருவதாக இருந்தது.

ஷர்மினிக்கு முனியைவிட அந்தப் படத்தில் வரும் பாம்பு ராணி நெருக்கம். படத்தை தியேட்டரில் பார்த்தது போதாமல் போனிலும் இறக்கி வைத்திருந்தாள். இந்தச் சுற்றுக்கு வழிகாட்டி யாரும் கிடையாது. படத்தின் ரசிகர்கள் நடத்துகிற ஒரு பக்கத்தைப் போனில் திறந்தால் அதுவே வழி சொல்லும். ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த இடம் எது என்று காட்டும். அதில்தான் அவளுக்கு ருசி.

முதலில் ஈப்போ பழைய டவுனில் ஒரு முடுக்கு. படத்தில் அது மந்திரவாதிகளின் கடைவீதி. காளியம்மா ஒரு பொட்டலம் கச்சாங் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டே, இந்தச் சாக்கடை நாற்றம் படத்தில் வராதுதானே என்று மட்டும் கேட்டாள். அடுத்தது சிம்பாங் பூலாய் சுண்ணாம்புக் குன்றில், ராணி பிறந்த குகை. வௌவால் இருக்கும் என்று காளியம்மா காரைவிட்டு இறங்கவே இல்லை.

குகை வாசலில் நின்றபோதுதான் கடைசி இடம் போனில் திறந்தது. ஓர் அரசமரம். அதன் அடியில் ஒரு கறுப்புக் கல். கல்லில் மஞ்சள் துணி. அந்தத் துணியை அம்மா பாசார் கடையில் பேரம் பேசி வாங்கியபோது ஷர்மினியும் கூடத்தான் இருந்தாள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: 'பாம்பு ராணியின் சிம்மாசனம். படக்குழு செய்து, விட்டுப்போன போலிக் கல். தாராளமாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.'

அது அம்மாவின் முனி என்று ஷர்மினிக்குப் புரிந்தது. அந்தத் தோட்டத்துக்கு அவள் ஒரே ஒரு தடவைதான் போயிருந்தாள், அதுவும் தனேஷ் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில், அழுத கண்ணோடு. மரத்தையோ கல்லையோ அவள் அன்று சரியாகப் பார்க்கவில்லை.

காருக்குத் திரும்பி, தலை வலிக்கிறது, வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லிப் பார்த்தாள். காளியம்மா கேட்கவில்லை. பாதி வழி வந்துவிட்டு சாமியைப் பார்க்காமல் திரும்புவதா என்றாள். ஷர்மினி ஓட்டிக்கொண்டே யோசித்தாள். செலவும் சொந்தக்காரர்களின் சிரிப்பும் பெரிதில்லை. பொய்க் கல்லுக்கு வேண்டியது நிலைக்காது என்று அம்மா மனதில் விழுந்துவிட்டால், தனேஷ் மோட்டாரை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் வாசலில் செத்துப் பிழைப்பாள். அந்தப் பயம் போய் இப்போதுதான் அம்மா நிம்மதியாகத் தூங்குகிறாள்.

கித்தா மரங்கள் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. மண் சாலை முடிகிற இடத்தில் அரசமரம் தெரிந்தது. கல்லும் தெரிந்தது. கல்லின் மேல், தங்கக் காகிதக் கிரீடம் வைத்த ஓர் இளம்பெண், சப்பாத்தைக் கழற்றாமல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, எதிரே நிறுத்திவைத்த போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கார் நிற்கும் முன்பே காளியம்மா கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏ புள்ள, எறங்கு. அது ஒக்கார்ற எடமா?"

அந்தப் பெண் பதறி இறங்கினாள். பெயர் மாதுமை என்றும், அந்த ரசிகர் பக்கத்தை நடத்துகிறவர்களில் தானும் ஒருத்தி என்றும் மரியாதையாகவே சொன்னாள். "இது நெஜக் கல்லு இல்ல ஆன்ட்டி. படத்துக்குச் செஞ்சது. யாரோ தெரியாம துணி கட்டிட்டாங்க."

காளியம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியுமா?"

ஷர்மினியால் பொய் சொல்ல முடியவில்லை. குகையில்தான் தெரிந்தது என்றாள்.

காளியம்மா கோபப்படவில்லை. அதுதான் ஷர்மினியை இன்னும் பயமுறுத்தியது. அவள் மெல்ல நடந்து போய் மரத்தின் வேரில் உட்கார்ந்தாள். பையிலிருந்து தேங்காய் உருண்டு புல்லுக்குள் போனது.

"அப்ப தனேஷுக்கு இத்தன நாளா யாரு காவலு?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அந்த நேரத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் மிச்சமிருந்த ஒரு வீட்டில் தங்கி மாடு வளர்க்கிற ஜெயபாலன். காளியம்மா அவரிடம் பால் வாங்கியிருக்கிறாள். தேங்காயை எடுத்துக் கொடுத்தவர், விஷயத்தைக் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அக்கா, ராணி ஒக்காந்தது பஞ்சுக்கா. மெத்தைக்குப் போடுற ஸ்பாஞ்சு. ஒத்தக் கையில தூக்கி லாரியில போட்டுக் கொண்டு போய்ட்டானுங்க. இது தோட்டம் தொறந்த காலத்து முனிலா."

பிறகு விவரமாகச் சொன்னார். படக்காரர்கள் முதலில் ராணியை இந்தக் கல்லிலேயே உட்காரவைக்கத்தான் கேட்டார்களாம். தோட்டத்துப் பழைய பூசாரி முடியாது என்றுவிட்டார். முனிக்கு முன்னால் வேஷம் கட்டி ஆடினால், ஆடுகிற பெண்மேல் இறங்கிவிடும், பிறகு யாரும் மலையேற்ற முடியாது என்றார். அதனால் சாராயமும் சுருட்டும் வைத்து உத்தரவு கேட்டு, முனியைத் தலையோடு கால் பச்சைத் துணியால் மூடி, முன்னால் பஞ்சில் இன்னொரு கல்லைச் செய்து வைத்தார்கள்.

காளியம்மா அவர் முகத்தையே பார்த்தாள். "என்னைத் தேத்துறதுக்குச் சொல்லலயே அண்ணே?"

ஷர்மினி அவசரமாகப் போனை எடுத்தாள். படத்தை முன்னும் பின்னுமாக ஓட்டினாள். கடைசியில் அந்தக் காட்சி வந்தது. ராணி சிம்மாசனத்தில் இருக்கிறாள். அவளுக்குப் பின்னால், மரத்தோடு ஒட்டி, ஒரு பச்சைக் குவியல். தியேட்டரில் அதைப் புதர் என்றுதான் நினைத்திருந்தாள். காற்று வீசுகிறது, ராணியின் கூந்தல் பறக்கிறது, புதரின் ஓரமும் தூக்கிக்கொள்கிறது. உள்ளே கறுப்புக் கல்லும் அதில் அப்பிய குங்குமமும்.

ஷர்மினி அந்த இடத்தில் நிறுத்தி அம்மாவிடம் கொடுத்தாள். காளியம்மா போனைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூச்சை விட்டாள். ஆஸ்பத்திரியில் தனேஷ் கண் திறந்தபோது விட்டாளே, அதே மூச்சு. ஷர்மினியும் வேரில் உட்கார்ந்துகொண்டாள்.

மாதுமைக்குத்தான் இப்போது முகம் வெளுத்தது. கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சப்பாத்தையும் கழற்றிவிட்டு வந்து நின்றாள். "ஷூட்டிங் முடிஞ்சு வந்து பாத்தப்ப இந்தக் கல்லுதான் இருந்துச்சு ஆன்ட்டி. நாங்களா முடிவு பண்ணிட்டோம். நான் உக்காந்துட்டேனே, ஏதாச்சும் ஆகுமா?"

"தெரியாம ஒக்காந்தா ஒண்ணும் செய்யாது," என்றாள் காளியம்மா. "கிரீடத்தோட வேற ஒக்காந்திருக்க. யாரோ ராணின்னு நெனச்சி விட்டிருக்கும்."

ஜெயபாலன் மறுபடியும் சிரித்தார். மாதுமையையே தேங்காய் உடைக்கச் சொன்னாள் காளியம்மா. அவளுக்கு உடைக்க வரவில்லை. அடித்த அடியில் தண்ணீர் ஷர்மினியின் சட்டையில் தெறித்தது. எலுமிச்சம்பழத்தை வைத்து சுருட்டைப் பற்றவைத்த பிறகு, மாதுமை மரநிழலில் நின்றபடியே போனில் அந்தப் பக்கத்தைத் திருத்தினாள். உட்காரலாம் என்று இருந்ததை எடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று எழுதி, சரியா என்று காளியம்மாவிடம் காட்டினாள். மாதவிலக்கு, கவிச்சி பற்றியும் போட வேண்டும் என்று காளியம்மா தொடங்க, ஷர்மினி அம்மாவின் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்தாள்.

கிளம்பும் முன் காளியம்மா ஜெயபாலனையும் மாதுமையையும் அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கு அழைத்தாள். கார் மண் சாலையில் குலுங்கியபோது மகனுக்குப் போன் போட்டாள்.

"தனேஷு, சேவல் ரெண்டா சொல்லிரு. ஆளு கூடிப்போச்சு." கொஞ்சம் கேட்டுவிட்டு, "மோட்டார்லயே போலா, ஒண்ணும் ஆகாது," என்றாள்.

போனை வைத்ததும் மகளின் பக்கம் திரும்பினாள். "அந்தக் காத்தடிக்கிற எடத்த இன்னொரு வாட்டி போடு."