முல்லைத்தீவு வாடிக்கு ஒரு கக்கூஸ்

பிள்ளையின் வியாதிக்குக் காரணம் தெரிந்த சந்தோஷத்தில் பஸ்ஸில் துள்ளிக்கொண்டு வந்த ஒரே தாய் நானாகத்தான் இருப்பேன். சிலாபத்தில் ஏறிய நேரம் முதல் உடப்பில் இறங்கும் வரை என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஜன்னலோரம் இருந்து பப்பாசிப்பழம் தின்றுகொண்டு வந்தாள் என் மகள் நிரூபா. எட்டு வயது.

"அம்மா, காலை ஆட்டாதீங்க. ஆக்கள் பாக்கிறாங்க."

பார்த்தால் பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஆட்டினேன். இரண்டு வருஷமாக என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அன்றைக்குத்தான் இறங்கியது.

நிரூபா ராத்திரியில் பாயை நனைப்பாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பகலில் அவளுக்கே தெரியாமல் ஜங்கியில் மலம் போய்விடும். அதுதான் என்னை அரித்துத் தின்றது. கேட்டால், "வந்தது தெரியல்லம்மா" என்பாள். மூக்கு இல்லையா உனக்கு என்று கத்துவேன். ஈர்க்கில் எடுத்து அடித்தும் இருக்கிறேன். நான் கோபக்காரி என்பது ஊருக்கே தெரியும், மறைக்க ஒன்றும் இல்லை. அடித்துவிட்டு அடுப்படியில் இருந்து நானே அழுவேன்.

வகுப்பில் அவள் இருக்கும் வாங்குப் பலகையிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். மாசி மாதத்திலிருந்து பள்ளிக்கூடம் என்றாலே அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளத் தொடங்கினாள். சோறு தராவிட்டாலும் பரவாயில்லை, பள்ளிக்கு மட்டும் அனுப்பாதீங்க என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எட்டு வயதுப் பிள்ளை தாயைக் கும்பிடுவதா? என் பிள்ளை தலை நிமிர்ந்து நாலு பிள்ளைகளோடு இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. வயிறு இளகிப் போகிறது என்று நினைத்து, இறுக்குகிற சாமான்களாகத் தேடித் தேடிக் கொடுத்தேன். வாழைக்காய்க் கறி, கடும் சாயத்தில் பிளேன்டீ, மாதுளந்தோல் அவித்த தண்ணீர். பாய் நனையாமல் இருக்கப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீர்ப் போத்தலை ஒளித்து வைத்தேன். நான் செய்தது எல்லாமே தலைகீழ் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வழி காட்டியவர் ஜுனைதா மிஸ். கனமூலையிலிருந்து எங்கள் பக்கம் வரும் மிட்வைஃப். பக்கத்து வீட்டுக் குழந்தையை நிறுக்க வந்தவர், எங்கள் வேலிக்கு மேலால் உடுப்புக் காயும் கொடியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"உங்கட வீட்டில எத்தினை பொம்புளப் புள்ளையள்?"

"ஒண்டுதான் மிஸ்."

"ஒரு புள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏழு ஜங்கியா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வயிற்றோட்டம் என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். இரண்டு வருஷம் என்று வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பையைத் திறந்து பேனையை எடுத்தார்.

"தங்கச்சி, ரெண்டு வருசத்துக்கு வயித்தோட்டம் ஓடாது. இதுக்குக் கிளினிக் இருக்கு, மருந்து இருக்கு. வெக்கப்பட ஒண்டுமில்ல. இந்த மாசம் மட்டும் இதுக்கு நான் எழுதுற மூணாவது துண்டு இது."

மூன்றாவது. அப்படியென்றால் என் பிள்ளை மட்டும் இல்லை. மற்ற இரண்டும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்க வாய் துடித்தது. கேட்டும் பார்த்தேன். மிஸ் துண்டை என் கையில் தந்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை வெள்ளனப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை வெள்ளன, விடியற்காலைப் பஸ்ஸிலேயே சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் ஒரு இளம் பெண், சிங்களத்தில்தான் கதைத்தா. சிலாபம் சந்தையில் கருவாடு விற்ற எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. நிரூபாவைக் கட்டிலில் படுக்க வைத்து வயிற்றை மெதுவாக அமத்திப் பார்த்தா. பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தா. உள்ளே கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது. பெற்று வளர்த்த பிள்ளையின் வயிறு, அதை நான் ஒரு நாளும் தொட்டுப் பார்க்கவில்லை.

ஒரு தாளில் குழாய் போல வரைந்து விளங்கப்படுத்தினா. மலம் இறுகிக் குடலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. புதிதாக வரும் இளகிய மலம் அதன் ஓரத்தால் கசிகிறது. குடல் விரிந்து போனதால் வருவது பிள்ளைக்கு உணர்வில் படாது, நாளாவட்டத்தில் மணமும் தெரியாமல் போய்விடும். நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை நெருக்குவதால் பாயும் நனையலாம். நான் இறுக்கக் கொடுத்த சாமான்களின் பெயர்களைக் கேட்டு, அவ்வளவையும் நிறுத்தச் சொன்னா. எனக்கு எங்கேயாவது போய் ஒளிய வேண்டும் போல இருந்தது.

"இவள் எப்போதிலிருந்து அடக்கத் தொடங்கினாள்?" என்று டொக்டர் கேட்டா.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சித்திரை வருஷப்பிறப்பு முடிந்ததும் எங்கள் ஆட்கள் கரைவலை இழுக்க முல்லைத்தீவுக் கரைக்குப் போய்விடுவார்கள். தென்னோலைக் குடிசைகள் கட்டி ஐந்து மாதம் அங்கேதான் இருப்பு. அதைத்தான் வாடி என்போம். நாற்பது ஆண்கள், சமைக்க எட்டுப் பெண்கள், பிள்ளைகள். கக்கூஸ் கிடையாது. ஆண்கள் நினைத்த நேரம் போவார்கள். பெண்கள் விடியுமுன் போக வேண்டும், இல்லாவிட்டால் இருட்ட வேண்டும். நிரூபாவுக்கு ஆறு வயதான வருஷம், "நீ இப்ப பெரிய பொம்புளப் புள்ள, இருட்டும் வரைக்கும் அடக்கு" என்று சொல்லிக் கொடுத்தது நான். அவள் அடக்கினாள். கெட்டிக்காரி என்று அவளுக்கு முத்தம் கொடுத்தேன். அந்தக் கெட்டிக்காரியைத்தான் பிறகு ஈர்க்கிலால் அடித்தேன்.

இதையெல்லாம் டொக்டரிடம் சொன்னேன். அவ என்னை ஏசவில்லை. நிரூபாவின் பக்கம் குனிந்து, தெரிந்த கொஞ்சத் தமிழில், "இது உங்கட பிழை இல்ல. வேணும் எண்டு நீங்க செய்யல்ல" என்றா. நிரூபா டொக்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நீங்களும் சொல்லுங்கள் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

வயிற்றைச் சுத்தமாக்க ஒரு மருந்து, பிறகு மாதக்கணக்கில் தினமும் ஒரு மருந்து. காலையிலும் பின்னேரமும் சாப்பிட்ட கையோடு கக்கூஸில் பத்து நிமிஷம் அவசரமில்லாமல் இருக்க வேண்டும். போனாலும் போகாவிட்டாலும், இருந்ததற்கே கொப்பியில் ஒரு நட்சத்திரம். பகலில் தாராளமாகத் தண்ணீர், பழம், கீரை. ஏச்சு, அடி ஒன்றும் ஆகாது. ஒரு நாளும் அடக்கக் கூடாது. முல்லைத்தீவுக்குப் போனால் அங்கத்தைய கிளினிக்கில் காட்டச் சொல்லிக் கடிதமும் எழுதித் தந்தா. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்னும் இரண்டு வாரத்தில் வாடி.

பஸ்ஸில் நிரூபாவும் அதைத்தான் கேட்டாள். "வாடிக்குப் போனா திரும்ப வந்திருமா அம்மா?" கொஞ்ச நேரம் கழித்து, "ஆருக்கும் சொல்ல மாட்டீங்கதானே?" என்றாள். அப்பாவைத் தவிர யாருக்கும் மூச்சுவிட மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

என் புருஷன் இந்துஜன் சாதுவான மனுஷன். நான் கையை வீசிக் கதை சொல்லி முடிக்கும் வரை சோற்றுக் கோப்பையை மடியில் வைத்தபடியே இருந்தார். "அப்ப புள்ள பொய் சொல்லல்ல" என்றார். அவ்வளவுதான், அவரால் அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை. பிறகு மெதுவாக, "நீங்க ரெண்டு பேரும் இஞ்சயே நில்லுங்க. நான் தனியப் போறன்" என்றார்.

ஐந்து மாதம் அப்பாவைப் பார்க்காமல் இருந்தால் நிரூபா உருகிப் போவாள். அதுவுமல்லாமல், கக்கூஸ் இல்லை என்பதற்காக நாங்கள் ஏன் நிற்க வேண்டும்? கக்கூஸ் அல்லவா வர வேண்டும்? இந்த நினைப்பு வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் புதுத் தெம்பு ஏறிவிட்டது. அடுத்த நாளே சம்மாட்டி தம்பிமுத்துவின் முற்றத்தில் கூட்டம் இருந்தது.

வலைக்குச் சொந்தக்காரர் அவர்தான். புறப்படுமுன் எல்லோரும் அங்கே கூடி, லொறியில் ஏற்ற வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்வது வழக்கம். கயிறு, கிடுகு, அரிசி என்று ஆண்கள் சொல்ல, சம்மாட்டி கொப்பியில் எழுதினார். பெண்கள் பின்னால் நின்று கடைசியில் சட்டி பானையை மட்டும் சொல்வோம். எங்கள் முறை வந்ததும் நான் முன்னுக்குப் போனேன். நிரூபா என் கையைப் பிடித்திருந்தாள்.

"சீமெந்து. கக்கூஸ் கோப்பை ஒண்டு. கதவு ஒண்டு."

சம்மாட்டி பேனையை நிறுத்தினார். "கடல் கிடக்கு, காடு கிடக்கு. இந்த வருசம் மட்டும் உனக்கென்ன புது வருத்தம்?"

ஆண்கள் சிரித்தார்கள். நிரூபா என் பின்னால் ஒளிந்துகொண்டாள். உண்மையைச் சொன்னால் அந்தச் சிரிப்பு அந்த நிமிஷமே நின்றிருக்கும். ஆனால் அது அவளுடைய உண்மை. என்னிடம் என்னுடையது ஒன்று இருந்தது.

"புது வருத்தம் இல்ல அண்ணே. பதினொரு வருசமா வாடிக்கு வாறன். விடியமுதல் ஒருக்காப் போவன், இருட்டினாப் பிறகு ஒருக்காப் போவன். நடுவில முழுப் பகலும் அடக்கிக்கொண்டுதான் உங்களுக்குச் சோறாக்கிறன். நீங்க ஒரு நாளைக்கு அடக்கிப் பாருங்க. பிறகு வலை இழுங்க, பாப்பம்."

சிரிப்பு நின்றுவிட்டது. இந்துஜன் எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். நின்றதே எனக்குப் போதும். பின்னாலிருந்து சம்மாட்டியின் மனைவி சின்னாச்சி அக்கா கதைக்கத் தொடங்கினா.

"எனக்கு முப்பது வருசம். போன முறை ரெண்டு தரம் மூத்திரக் கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தன். எதனால வந்தது எண்டு நீங்க கேக்கேல்ல. கக்கூஸ் முதல், வலை பிறகு. ஏலாது எண்டா சோத்துக்கு வேற ஆள் பாருங்க."

எட்டுப் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சாப்பாட்டில் கை வைத்தால் வாடி இல்லை என்பது சம்மாட்டிக்குத் தெரியாதா? தலையைச் சொறிந்தார். பிறகு குனிந்து எழுதினார்.

"கதவுக்குக் கொண்டி உள்ளுக்கா, வெளியிலயா?"

"உள்ளுக்கு" என்றோம் எட்டுப் பேரும்.

நான் திரும்பி வந்த நடை நடையே இல்லை. மணலில் நிரூபாவை இழுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன். வென்றுவிட்டோம் என்று அவள் காதில் சொல்லச் சொல்ல அவளும் சிரித்தாள். பாதி வழியில் யாரோ பின்னால் ஓடி வரும் சத்தம் கேட்டது. தவராணி, எங்களோடு வாடிக்கு வரும் எட்டுப் பேரில் ஒருத்தி. அவளுடைய மகள் துளசிகாதான் நிரூபாவின் வாங்கிலிருந்து முதலில் எழும்பிப் போனவள்.

"அக்கா, நேத்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில உங்களக் கண்டன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "எந்தக் கிளினிக் அது? துளசிகாவுக்கும் அதான். ஜங்கியெல்லாம் அழுக்காக்கிறாள். தன்னைப் புள்ளையள் கண்டுபிடிச்சிருவாங்க எண்டுதான் உங்கட புள்ளையை விட்டுத் தள்ளிப் போனவள். ராத்திரி அழுது சொன்னாள்."

என் நாக்கு நுனிக்கு எல்லாம் வந்துவிட்டது. ஆனால் சத்தியம் சத்தியம்தான். "என்ன கிளினிக்? நாங்க தெரிஞ்ச ஆக்களைப் பாக்கப் போனம்" என்றேன். தவராணியின் முகம் விழுந்துவிட்டது. பொய் சொன்ன என் வாயில் நானே ஒன்று போட்டிருப்பேன்.

நிரூபா என் கையை விட்டாள். தவராணிக்கு முன்னால் போய் நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை வெள்ளனப் போகோணும் மாமி. ஊசி இல்ல, வயித்தை மட்டும் அமத்திப் பாப்பாங்க. அவளுக்கு அடிக்காதீங்க, அது அவள்ட பிழை இல்ல எண்டு டொக்டர் சொன்னவ." கொஞ்சம் யோசித்தாள். "அவளுக்குப் பயம் எண்டா நானும் கூட வாறன்."

தவராணி மணலில் குந்தி நிரூபாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நானும் அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன்.