அக்கரைச் சுடலை

"பிறப்பிடம் எண்ட இடத்தில எட்டாம் வாய்க்கால் எண்டே போடுவம், தங்கச்சி. அதில என்ன பிழை? இவ்வளவு காலமும் இஞ்சதானே இருந்தவர்."

பரமலிங்கம் இதைச் சொன்னபோது யோகநாதனின் உடல் முன்விறாந்தையில் கிடத்தப்பட்டிருந்தது. விமலேஸ்வரி கணவனின் கால்மாட்டில் இருந்தாள். அண்ணன் தன்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு எத்தனை காலம் என்று அவளுக்கு நினைவில்லை. அவள் யோகநாதனைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் இந்தப் படலைக்குள் கால் வைத்ததில்லை. சந்தையில் எதிர்ப்பட்டால் சைக்கிளை மறுபக்கம் திருப்பிவிடுவார். இன்றைக்கு விடிந்ததும் முதல் ஆளாக வந்து, பந்தல் போடுவித்து, பேப்பருக்கு அனுப்ப வேண்டிய மரண அறிவித்தலையும் தானே எழுதிக்கொண்டிருந்தார்.

"அவர் பிறந்தது ஹற்றனில," என்றாள்.

"ஓம், அது ஊருக்குத் தெரியும். தெரிஞ்சதைப் பேப்பரில வேற போடவேணுமே?"

கிளிநொச்சியில் அந்த ஊரை வாய்க்கால் இரண்டாகப் பிரித்திருந்தது. இக்கரையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றுக் குடியேறியவர்கள் வயல் செய்தார்கள். எட்டாம் வாய்க்கால் என்றால் அவர்களைத்தான் குறிக்கும். அக்கரையில் இருந்தவர்கள் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டில் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களை விட்டு லொறிகளில் வந்து இறங்கியவர்கள். இக்கரை வயல்களில் நாற்று நட்டதும் நெல் விளைந்தால் அருவி வெட்டியதும் அவர்கள்தான். அவர்களுக்குப் பெயர் "அக்கரை ஆக்கள்"; கோபம் வந்தால் "தோட்டக்காட்டார்". செத்தால் எரிக்கவும் இரண்டு சுடலைகள். இக்கரைச் சுடலை ரோட்டோரம் மேட்டில் இருந்தது. பிரதேச சபை அதற்குக் கொட்டகையும் தண்ணீர்க் குழாயும் போட்டுக் கொடுத்திருந்தது. அக்கரைச் சுடலை குளம் நிரம்பினால் வான் பாயும் பள்ளத்தில் இருந்தது. மார்கழியில் அது தண்ணீருக்குள் கிடக்கும்.

யோகநாதன் அந்த லொறிகளில் ஒன்றில் வந்த இளைஞன். குடியிருப்பில் பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் செத்ததைக் கொழும்புப் பேப்பர் ஒன்றுக்கு எழுதி அனுப்பினார். அது அச்சில் வந்தது. அதன்பிறகு அவரை எழுத்திலிருந்து யாராலும் கழற்ற முடியவில்லை. இக்கரைப் பெட்டை விமலேஸ்வரி அந்தச் செய்திகளை வாசித்துத்தான் அவரை விரும்பினாள். வீட்டை விட்டு வாய்க்காலைக் கடந்து வந்தாள்.

வந்த பிறகுதான் பேப்பருக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை அவளுக்குத் தெரிந்தது. யோகநாதனின் தகப்பன் ஒரு காலத்தில் இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்து, குடும்பத்துக்கே அது கிடைத்திருந்தது. கப்பல் ஏறுமுன்னர் கலவரம் வந்தது. பிறகு கப்பலே நின்றுபோனது. கடலைக்கூட ஒழுங்காகக் கண்டிராத யோகநாதன் கடதாசியில் மட்டும் இந்தியராக இருந்தார். இந்திய இராணுவம் வந்த காலத்தில் அவர்கள் ஒரு வீட்டுக்குள் பீரங்கிச் செல் அடித்ததை எழுதினார். முகாமுக்குக் கூட்டிப்போய் அவருடைய கடதாசிகளைப் பார்த்த அதிகாரி, சொந்த நாட்டுக்கு எதிராக எழுதுகிறாயா என்று கேட்டு அடித்தான். பின்னொரு நாள் இயக்கம் கூப்பிட்டு, அக்கரையாரின் காணிப் பிரச்சினையை எழுதிக் கிளறச் சொன்னது இந்தியாவா என்று விசாரித்தது. யுத்தம் முடிந்த பிறகு சிவில் உடையில் வந்தவர்கள் இயக்கத்தோடு என்ன தொடர்பு என்று கேட்டு, விசாரிக்கக் கொழும்பில் நாலாம் மாடிக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு தரமும் அவர் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, மேசையில் போய் இருந்து எழுதத் தொடங்குவார்.

விமலேஸ்வரிக்கு அது வீரமாகப் படவில்லை. ஊர் முழுக்கக் கோபிக்கிற மனிதனோடு குடித்தனம் நடத்துவது அவளுக்கல்லவா தெரியும். "எழுதிப்போட்டு நீங்கள் மேசையில இருக்கிறியள். கடையில, பஸ்ஸில முகம் குடுக்கிறது நான்," என்று சண்டை பிடிப்பாள். அவர் ஒரு பதிலும் சொல்லமாட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கொடுக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய வினை அந்தச் சுடலைக் கட்டுரை. அக்கரையில் ஒரு தாய் செத்து, பள்ளத்தில் தண்ணீர் வற்றுமட்டும் உடலை வீட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மேட்டுச் சுடலையைக் கேட்டபோது சுடலைப் பரிபாலன சபை மறுத்துவிட்டது. சபைத் தலைவர் பரமலிங்கம். யோகநாதன் பெயர்களோடு எழுதினார். அந்தப் போகம் இக்கரையார் அக்கரை ஆட்களை அருவி வெட்டக் கூப்பிடவில்லை; வெளியூரிலிருந்து மெசின் கொண்டுவந்து வெட்டினார்கள். சுடலையும் கிடைக்கவில்லை, வேலையும் போனது. யோகநாதனோடு ஒரே லொறியில் வந்த சிவராசா இந்த முற்றத்தில் நின்றுதான் கேட்டான்: "யோகு, நீ எழுதி எங்க வயித்துல அடிச்சிட்டியே." அன்றைக்கும் அவர் மேசையில்தான் போய் இருந்தார். ஆனால் அன்றிரவு சாப்பிடவில்லை.

பத்து மணிபோல் மாவட்டப் பத்திரிகையாளர் சங்கச் செயலாளர் கிருபன் பனர் ஒன்றோடு வந்தான். அதில் யோகநாதனின் படமும், கீழே "மண்ணின் பேனா" என்ற எழுத்தும் இருந்தன. எட்டாம் வாய்க்கால் பொதுமண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் ஒழுங்கு செய்தாயிற்று, யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரும் பேசுவார், உடலை அங்கே வைத்துவிட்டு அப்படியே மேட்டுச் சுடலைக்குக் கொண்டுபோகலாம் என்று அவன் விளக்கினான். யோகநாதன் எழுதியவற்றில் முக்கியமானவை பனரின் ஓரத்தில் இருந்தன. காணாமல் ஆக்கப்பட்டவர்கள், முகாம்கள், இராணுவம் பிடித்த காணிகள்.

"சுடலையைப் பற்றி எழுதினதைக் காணேல்லை," என்றாள் விமலேஸ்வரி.

கிருபன் பரமலிங்கத்தை ஒருதரம் பார்த்தான். "அது இப்ப வேண்டாம் அன்ரி. எல்லாரும் ஒற்றுமையா நிக்கிற நேரம்."

பரமலிங்கம் கிட்டவந்து குந்தினார். குரலைத் தணித்துக்கொண்டு, சபையில் கதைத்துச் சம்மதிக்க வைத்திருப்பதாகச் சொன்னார். ஆம்பிளைப் பிள்ளை இல்லாதபடியால் தன் மகன் பிரசாந்தன் கொள்ளி வைப்பான். "மச்சானை எங்கட வீட்டுச் சாவாத்தான் எடுக்கிறம். ஒருத்தரும் ஒண்டும் கதையாயினம்."

மச்சான். அந்த மனிதர் இருந்த காலமெல்லாம் ஒருநாள்கூட அந்த வாயிலிருந்து வராத சொல். விமலேஸ்வரி எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போனாள்.

மகள் கிருசாந்தி பின்னாலேயே வந்தாள். வவுனியா ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவள்; செய்தி கேட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். "மாமா சொல்லுறபடி விடுங்கோ அம்மா," என்றாள். "அக்கரைச் சுடலையில முழங்கால் தண்ணி. அதுக்குள்ள அப்பாவை என்னெண்டு கொண்டுபோறது? ஒருக்காலாவது அவர் ஆரோடையும் பிரச்சினை இல்லாமப் போகட்டும்."

விமலேஸ்வரிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவளுக்கும் களைத்துவிட்டது. தாயும் தகப்பனும் எரிந்த இடம்தானே மேட்டுச் சுடலை. சரி என்று சொல்லத்தான் அவள் வெளியில் வந்தாள்.

படலையடியில் சிவராசாவும் அக்கரைப் பெடியளும் நின்றார்கள். விடியமுதலே விறகு வெட்டி, ஈரம் படாமல் தறப்பாளால் மூடி வைத்திருந்தார்கள். அவர்களிடம் பரமலிங்கம் மரியாதையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்: "நீங்கள் மண்டபம்வரைக்கும் வாங்கோ. அங்கால சுடலைக்குள்ள எங்கட ஆக்கள் பாத்துக்கொள்ளுவினம்."

சிவராசா தலையாட்டினான். அவனுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இருக்கவில்லை. அவன் தலையாட்டியதைத்தான் விமலேஸ்வரியால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அண்ணை," என்றாள். "இனிமேல் அக்கரையில ஆர் செத்தாலும் மேட்டுச் சுடலையில எரிக்கலாம் எண்டு இதில நிக்கிற சனத்துக்கு முன்னால சொல்லுங்கோ. சொன்னா நான் அவரைக் கொண்டுபோக விடுறன்."

பந்தலுக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"செத்தவீட்டில கதைக்கிற கதையே இது?" என்றார் பரமலிங்கம். "அது சபை கூடி எடுக்கிற முடிவு. மச்சானுக்கு மட்டும் எண்டுதான் நான் கேட்டு எடுத்தனான்."

"அவருக்கு மட்டும் எண்டா வேண்டாம்."

"தங்கச்சி, உனக்காகத்தான் நான் இவ்வளவும் செய்யிறன்."

"எனக்குத் தெரியும் அண்ணை. அவரை ஹற்றனில பிறக்காத ஆளா மாத்தி, என்ரை புருசனா இல்லாம உங்கட வீட்டு ஆளா எரிக்கப் போறியள். அவர் இருக்கேக்க வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிருக்கலாம்."

பரமலிங்கம் எழுதிய கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிரசாந்தனைக் கூப்பிட்டுக்கொண்டு படலையைத் தாண்டினார். இக்கரையார் ஒவ்வொருவராக எழும்பினார்கள். கிருபன் மட்டும் பனரைச் சுருட்டிய கையோடு நின்று, கூட்டத்துக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப ஏலாது, குறை நினைக்கக்கூடாது என்று சொன்னான். அவள் திரும்பிப் போய்க் கணவனின் கால்மாட்டில் இருந்தாள்.

பின்னேரம் பாடையைத் தூக்கினார்கள். வீட்டு ஒழுங்கைப் பாதை முடிவில் பெண்கள் நின்றுவிடுவது வழக்கம். விமலேஸ்வரி நிற்கவில்லை. முன்னால் தோள்கொடுத்த சிவராசா திரும்பிப் பார்த்து, "அக்கா, நீங்க வரப்படாது," என்றான். அவள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நடந்தாள். கிருசாந்தி ஓடிவந்து தாயின் கையைப் பிடித்தாள். அழுதுகொண்டு நின்ற அக்கரைப் பெண்கள் கொஞ்சநேரம் ஆளையாள் பார்த்தார்கள். பிறகு அவர்களும் தண்ணீருக்குள் இறங்கினார்கள்.

பள்ளத்தில் பனங்குற்றிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, தண்ணீருக்கு மேலே விறகை ஏற்றியிருந்தார்கள். கிருசாந்தி கொள்ளி வைத்தாள். முகத்தைத் திருப்பாமல் வைத்தாள். மூடி வைத்த விறகிலும் ஈரம் ஏறியிருந்தது. புகைந்து புகைந்து அணைந்தது. சிவராசா மண்ணெண்ணெய் ஊற்றினான். ஒருதரம் பற்றி, மறுபடி அவிந்தது.

விமலேஸ்வரி முழங்கால் தண்ணீரில் நின்றாள். அவளுக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது. அண்ணன்மேலும், தலையாட்டிய சிவராசாமேலும், செத்தும் தன்னை இந்தச் சேற்றுக்குள் கொண்டுவந்து நிறுத்திய மனிதர்மேலும். இவ்வளவு எழுதினீங்களே, ஒரு காய்ந்த நிலம் வந்ததா என்று அவரிடமே கேட்கவேண்டும்போல் இருந்தது. கேட்டாலும் பேசாமல்தான் இருப்பார்.

வாய்க்காலுக்கு அப்பால் பொதுமண்டபத்து ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது. காற்று இந்தப் பக்கம் என்றபடியால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. பாராளுமன்ற உறுப்பினர் பேசினார். பிறகு கிருபன். அன்னார் பிரதேச வேறுபாடு பாராமல் வாழ்ந்தவர் என்றான். எல்லோரும் சமம் என்று எழுதிய பேனா என்றான். பரமலிங்கம் நன்றியுரை சொன்னபோது குரல் தளதளத்தது. அது பொய்யாகவும் கேட்கவில்லை. என் மச்சான் என்று மூன்று நாலு தரம் சொன்னார்.

"இன்னும் எண்ணெய் இருக்கே?" என்று விமலேஸ்வரி கேட்டாள். சிவராசா போத்தலைச் சரித்து அடியில் கிடந்ததையும் ஊற்றினான். இந்தமுறை நெருப்பு விறகுக்குள் மெல்ல இறங்கியது.

அன்னாருக்காக இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம், எல்லோரும் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள் என்று ஒலிபெருக்கி கேட்டுக்கொண்டது. தூரத்தில் கதிரைகள் இழுபடுகிற சத்தம் வந்தது.

பள்ளத்தில் எல்லாரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். குந்தி இருக்க அங்கே இடம் இல்லை.