மாமரத்துக்கு ஜாமீன்

குவைத் வேலையை உதறிவிட்டுத் தென்காசிக்கே வந்துவிட்ட நாசர் செய்த முதல் காரியம் கார் வாங்கியது. இரண்டாவது, அதை நிறுத்த இடம் வேண்டுமென்று முற்றத்து மாமரத்தை வெட்ட ஆள் சொல்லியது.

மரம் அவன் மனைவி மாஜிதாவுடையது. ஏழு வருடத்துக்கு முன் புளியறை நர்சரியில் வாங்கிவந்த ஒட்டு மா. தினமும் இரண்டு குடம் தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் தனி. மரம் தின்று கொழுத்ததே தவிர ஒரு பூக்கூட வைக்கவில்லை. இப்போது வெட்டினால் ஏழு வருடப் பாடும் மண்ணாகிவிடுமே என்று அவள் புலம்பித் தீர்த்தாள்.

பக்கத்து வீட்டு ரெபேக்காள் அக்காதான் வழி சொன்னாள். காய்க்காத மரத்தை ஒருவர் கோடாரியோடு மிரட்ட வேண்டும், இன்னொருவர் குறுக்கே வந்து ஜாமீன் சொல்ல வேண்டும். மரம் பயந்து காய்த்துவிடுமாம். மிரட்ட நாசர், ஜாமீனுக்கு ரெபேக்காள். எப்படியும் திங்கட்கிழமை வெட்டப்போகிற மரந்தானே, மிரட்டித்தான் பார்ப்போமே என்று நாசரும் தலையாட்டினான்.

ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை காலையில் கோடாரியும் கையுமாக நின்றவனுக்கு மிரட்ட வரவில்லை. இருபது வருடம் குவைத் கடையில் வாடிக்கையாளரிடம் குழைந்த வாய். "கொஞ்சம் காய்ச்சீங்கன்னா நல்லாருக்கும்" என்றான். மாஜிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோடாரியைப் பிடுங்கினாள்.

"வேளாவேளைக்குப் போடுததத் தின்னுட்டு நடுவீட்டுல நெடுமரமா இருக்கியே, ஒரு பிரயோசனம் உண்டா? ஒரு துரும்ப எடுத்துப் போட்டுருக்கியா? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருதேன்."

மாமரம் ஏன் நடுவீட்டில் இருக்கப்போகிறது? வந்து மூன்று மாதமாக நாற்காலியை விட்டு எழாத நாசருக்குச் சுருக்கென்றது. ரெபேக்காள் வாயைத் திறக்குமுன் அவனே குறுக்கே பாய்ந்தான்.

"வேண்டாம் மாஜிதா. ஒரு வருசம் பொறுத்துக்கோ. நான் ஜாமீன்."

ரெபேக்காள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜாமீன் சொன்னவர்தான் இனி மரத்துக்குப் பொறுப்பு என்று சட்டமும் பேசினாள். வெட்டுகிற ஆளை வரவேண்டாம் என்று சொல்வதைத் தவிர நாசருக்கு வேறு வழியில்லை.

பொறுப்பு வந்ததும் புளியறைக்கு ஓடினான். தண்ணீர் கூடினால் மா இலையாகத்தான் தள்ளும், மழை விட்டதும் மார்கழி, தையில் சொட்டுத் தண்ணீர் காட்டாதீர்கள் என்றார் நர்சரிக்காரர் கடற்கரை அண்ணாச்சி. நாசர் குடத்தை ஒளித்துவைத்தான். பிள்ளையைப் பட்டினி போட்டதுபோல் மாஜிதா தவித்தாள். தைக் கடைசியில் மரம் இலை தெரியாமல் பூத்தது.

ஆனிச் சாரலில் கார் தெருவில் நனைந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி இப்போது யாருக்கும் கவலையில்லை. முதல் பழத்தை நாசரே பறித்து, அவனே தோல் சீவி, தட்டில் வைத்து அவளிடம் நீட்டினான். ஜாமீன் முடிந்ததா என்று கேட்டான்.

மாஜிதா கொட்டையைச் சப்பி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"மரத்துக்கு முடிஞ்சுட்டு. உங்களுக்கு இன்னும் ஒரு வருசம் பாக்கணும்."

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ரெபேக்காளின் குரல் வந்தது. அன்றைக்குச் சொல்லாமல் போன வார்த்தை அவளிடம் பத்திரமாக இருந்தது.

"வெட்டிராத தாயி, காய்ப்பாரு. நான் ஜாமீன்."