நானூற்றுப் பதினோரு கணவர்கள்

மாவிஸ் டக்கெட்டுக்குக் கோபம் நன்றாக வரும். காகித ஆலையை மூடியபோது வந்தது, தபாலாபீசை மூடியபோது வந்தது, அவள் ஊரான கார்விக்கின் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடியபோது நடுத்தெருவில் நின்று கத்துகிற அளவுக்கு வந்தது. ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கோபத்துக்குச் சம்பளம் கொடுக்க ஒரு ஆபீஸ் வரும் என்று யார் கண்டார்கள்? வந்தது. ஓஹையோ ஆற்றங்கரையில், காலியாகக் கிடந்த தரைவிரிப்புக் கடைக்குள், நாற்பது மேஜையும் நாற்பது ஹெட்போனுமாக வந்து உட்கார்ந்தது. அறுபத்திரண்டு வயதில் அவளுக்கு வேலை கிடைத்தது.

வேலை இதுதான். கம்ப்யூட்டர் தானாக நம்பர் போடும். எதிர்முனையில் தொகுதிக்காரர் யாராவது எடுப்பார். மேஜையில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துப் பேச வேண்டும். ஆளுக்குச் சூடு ஏறியதும், "இப்பவே நம்ம மெம்பர் ஆபீசுக்கு லைன் போட்டுத் தரட்டா? மனசுல இருக்கறத அப்படியே கொட்டுங்க" என்று சொல்லிப் பச்சைப் பட்டனை அமுக்கினால் வாஷிங்டனில் காங்கிரஸ் மெம்பரின் ஆபீசில் மணி அடிக்கும். மாவிஸ் நைசாக லைனிலிருந்து கழன்றுகொள்வாள். அங்கே ஒரு பெண் எடுத்து, பேர், ஊர், பின்கோடு கேட்டு, மசோதாவுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று தாளில் ஒரு கோடு போட்டுக்கொள்வாள். ஒரு பக்கம் கோடுகள் கூடினால் மெம்பருக்கு வேர்க்க ஆரம்பிக்கும். யாருக்காக இதெல்லாம் நடக்கிறது என்று தாளில் இருக்காது. கீழே பொடி எழுத்தில் ஏதாவது ஒரு கூட்டணியின் பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

அந்தச் செப்டம்பரில் வந்த தாளை மாவிஸ் இரண்டு தடவை படித்தாள். "வாஷிங்டன் அதிகாரிகள் உங்கள் ஊர் டயாலிசிஸ் சென்டரில் கை வைக்கப் பார்க்கிறார்கள். ஒன்பதாம் எண் மசோதாவைத் தடுத்து நிறுத்துங்கள்." கீழே, நோயாளிகள் உரிமைக் கூட்டணி.

படிக்காமல் என்ன செய்வாள்? அவள் புருஷன் எமெட்டுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் ரிவர்வே டயாலிசிஸ் சென்டரில் ஜன்னலோர நாற்காலியில் நாலு மணி நேரம் படுத்திருப்பான். வீட்டிலிருந்து எட்டே நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்தில்தான் அவன் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. காகித ஆலையில் கிரேன் ஓட்டியவன், வாய்க்குக் குறைச்சல் இல்லாதவன். ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினுக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தான். "வாரத்துக்கு மூணு நாள் கூப்பிட்டு உக்கார வெச்சு ரத்தத்த உறிஞ்சுறா. போகாம இருந்தாலும் உசுர எடுத்துருவா" என்பான். நர்ஸ் ரோசாலின் தினமும் அதற்குச் சிரிப்பாள்.

மாவிஸ் மசோதாவைப் படித்தாளா? அட போங்கள், முப்பத்தெட்டுப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்! மூடப்போகிறார்கள் என்று சொன்னால் கார்விக்கில் யாரும் நிஜமா என்று கேட்க மாட்டார்கள். இருபது வருஷமாக ஒவ்வொன்றாக மூடித்தான் பார்த்திருக்கிறார்கள். மூட மாட்டோம் என்று சொன்னவனைத்தான் அவர்கள் சந்தேகப்படுவார்கள்.

முதல் நாளே மாவிஸ் தாளைத் தள்ளி வைத்துவிட்டுச் சொந்த வாயால் பேசினாள்.

"அண்ணே, எனக்கு உங்களத் தெரியாது, உங்களுக்கும் என்னைத் தெரியாது. என் வீட்டுக்காரர் அந்த மெஷின்ல படுத்திருக்கற ஆளு. அதுக்கு மாமியார்னு பேர் வெச்சிருக்கார்னா பாத்துக்கோங்க. அதையும் புடுங்கிட்டாங்கன்னா நான் அவர எங்க கொண்டுபோய்ப் படுக்க வெப்பேன்?"

எதிர்முனையில் ஒரு லாரி டிரைவர். "அந்தப் பாவிப்பசங்க நம்பளையெல்லாம் என்னதான் நெனச்சிக்கிட்டிருக்கானுங்க? போடு லைன! நான் கேக்கறேன்!" என்றார்.

அன்றைக்கு அவள் போட்ட லைன் அறுபத்து நாலு. பக்கத்து மேஜை ஜோலீனுக்கு இருபதைத் தாண்டவில்லை. மேற்பார்வை பார்க்கிற பிரென்ட், முப்பது வயசுக்காரன், எந்நேரமும் பழரசப் பாட்டிலோடு திரிகிறவன், சாயங்காலம் அவள் மேஜையில் வந்து சாய்ந்துகொண்டான்.

"மாவிஸ், நீங்க பேசினத ரெக்கார்டிங்ல கேட்டேன். எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அந்த மாமியார் விஷயத்த எல்லாரும் சொல்லட்டுமா?"

"எல்லாரும்னா? அவங்க புருஷனெல்லாம் நல்லாத்தானே இருக்காங்க, தம்பி?"

"நம்ம பொண்ணுங்க மட்டும் இல்ல. லைன் போட்டுக் குடுக்கறோமே, அந்த ஜனங்களும்தான். பாதிப் பேருக்குக் கோபம் இருக்கு, ஆனா மெம்பர் ஆபீஸ்ல எடுத்ததும் என்ன பேசறதுன்னு தெரியாம முழிக்கறாங்க. உங்க கதைய அவங்களுக்குக் கொஞ்சம் கடனாக் குடுங்க. என் வீட்டுக்காரர், என் அண்ணன்னு சொல்லட்டும். நல்ல காரியத்துக்குத்தானே? உங்க எமெட்டுக்காகத்தானே?"

மாவிஸுக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. ஆனால் எமெட்டுக்காக என்று சொன்ன பிறகு அவள் எப்படி மாட்டேன் என்பாள்? சரி என்று தலையாட்டினாள். மறுநாள் காலை நாற்பது மேஜையிலும் புதுத் தாள் ஒட்டியிருந்தது. அதில் ஜன்னலோர நாற்காலி இருந்தது, செவ்வாய் வியாழன் சனி இருந்தது, மாமியாரும் இருந்தாள்.

ஆறு வாரம் அந்தக் கடைக்குள் இரைச்சல் ஓயவில்லை. யாரைக் கூப்பிட்டாலும் கொதித்தார்கள். வேலை போனவன், வீடு போனவன், மகனைப் போதை மாத்திரைக்குப் பறிகொடுத்தவள், எல்லோரும் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி பொங்கினார்கள். மாவிஸ் பச்சைப் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் சொல்வது எங்கேயோ போய்ச் சேருகிறது என்று அவளுக்கு இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஓட்டெடுப்பு அன்று எமெட்டும் அவளும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தொகுதி மெம்பர் ஷெல்டன் க்ரூ எழுந்தார். வெள்ளை முடி, மழித்த முகம். இந்த மசோதாவைப் பற்றி ரொம்ப நாளாக யோசித்ததாகவும், ஆதரிக்கத்தான் நினைத்திருந்ததாகவும், தன் மக்களின் குரல் தன் மனதை மாற்றிவிட்டதாகவும் சொன்னார். "என் தொகுதியில் ஒரு மனிதர் தன் டயாலிசிஸ் இயந்திரத்துக்கு மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறார்..." என்றார். சபையில் சிரித்தார்கள்.

எமெட் துள்ளிவிட்டான். "அடியே, என்னைப் பத்திப் பேசறான்டி! என் ஜோக்கு வாஷிங்டன் வரைக்கும் போயிருச்சு!"

மசோதா ஏழு ஓட்டில் தோற்றது. பிரென்ட் அவளுக்கு ஒரு முழுப் பன்றித் தொடையைப் பரிசாகக் கொடுத்தான். உப்பில் ஊறியது. எமெட் அதைத் தொடக்கூடாது. அவன் முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டு, "வாசன ஜோரா இருக்கு, ஜோலீன் வீட்டுக்குக் குடுத்துரு" என்றான்.

பதினோரு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, சென்டர் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இந்த மாதக் கடைசியோடு ரிவர்வேயின் கார்விக் கிளை மூடப்படும். நோயாளிகள் இனி ஆல்டன் கிளைக்குச் செல்லலாம். ஆல்டனுக்கு ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷம், பனி இல்லாத நாளில்.

"தோத்துப்போன மசோதாவுக்கு இவன் ஏன் மூடறான்?" என்று மாவிஸ் கேட்டாள். உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை.

ரோசாலின் ஊசியை எடுத்துக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தாள். "தோத்ததாலதான் மூடறாங்க, மாவிஸ். பக்கத்துல வேற சென்டர் இல்லாத ஊர்ல கம்பெனி இஷ்டத்துக்கு மூடக்கூடாதுன்னுதான் அந்த மசோதா. ரெண்டு வருஷமாவது நடத்தியே ஆகணும்னு இருந்துச்சு. நாங்க நர்சுங்க எல்லாம் சேந்து மெம்பருக்கு லெட்டர் போட்டோம், பதினேழு லெட்டர். ஆனா எங்கிருந்தோ ஆயிரக்கணக்குல போன் போயிருக்கு, வேணாம் வேணாம்னு. யாரு பண்ணாங்களோ, நல்லா இருக்கட்டும்."

மாவிஸ் எமெட்டின் பக்கம் திரும்பினாள். ஜன்னலோரத்தில் அவன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவன் காதில் விழுந்ததா இல்லையா என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

நேராகத் தரைவிரிப்புக் கடைக்குப் போனாள். "தம்பி, நாம யாருக்குப் பேசினோம்?" என்று கேட்டாள்.

பிரென்ட் பாட்டிலைக் கீழே வைத்தான். "மாவிஸ், எனக்கு வேலை குடுக்கறது ஒரு பிரச்சாரக் கம்பெனி. அவங்களுக்குக் குடுக்கறது வாஷிங்டன்ல ஒரு வக்கீல் ஆபீஸ். அந்த வக்கீலுக்கு யார் குடுக்கறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ரிவர்வேக்காரன்தானே?"

"இருக்கலாம்."

"நீ கேக்கலையா?"

"நீங்களும் கேக்கலையே," என்றான் பிரென்ட். திமிராகச் சொல்லவில்லை, நிஜமாகவே வருத்தத்தோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்கு எரிந்தது. ஹெட்போனைக் கழற்றி அவன் முன்னால் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அவள் குரல் மட்டும் அங்கேயே இருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த ரெக்கார்டிங்கைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள் என்று ஜோலீன் பிற்பாடு சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் மெம்பர் ஆபீசுக்குப் போன் போட்டாள். இந்தத் தடவை நடுவில் பட்டன் இல்லை, தாள் இல்லை. ஒரு பெண் எடுத்தாள். பேர், ஊர், பின்கோடு எல்லாம் சொல்லியாயிற்று.

"அம்மா, என் வீட்டுக்காரர் டயாலிசிஸ்ல இருக்காரு. செவ்வாய், வியாழன், சனி. எட்டு நிமிஷத்துல இருந்த சென்டர மூடறாங்க. இனிமே போக ஒண்ணரை மணி நேரம், வர ஒண்ணரை மணி நேரம். அவரு தாங்க மாட்டாரு. மெம்பர்கிட்ட சொல்லி ஏதாவது..."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டது நன்றாகக் கேட்டது.

"ஜன்னலோர நாற்காலியா, மேடம்?"

"ஆமா."

"மெஷினுக்கு மாமியார்னு பேரு?"

"ஆமாம்மா! உனக்கு எப்படி..."

"மேடம், ஓட்டெடுப்பு முடிஞ்சு மூணு மாசம் ஆகுது. உங்க ஆளுங்க இன்னும் தாள மாத்தலையா? மாமியார்னு பேர் வெச்ச வீட்டுக்காரர் மட்டும் நானூத்திப் பதினொரு பேர். தனியா ஒரு தாள்ல கோடு போட்டு எண்ணியிருக்கேன். போன் எடுத்து எடுத்து என் காதே புண்ணாப் போச்சு."

"இல்லம்மா, அது நான்தான். அது என் புருஷன். நெஜமாவே என் புருஷன்."

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க, மேடம்." குரலில் கடுமை இல்லை, அலுப்புத்தான். "சரி, நீங்க பேசினதாக் குறிச்சுக்கறேன். ஆதரவா, எதிர்ப்பா?"

"எதுக்கு?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "அந்த மசோதாதான் இப்ப இல்லையே. அப்ப எதுலயும் போட முடியாது, மேடம். கூப்பிட்டதுக்கு நன்றி" என்று வைத்துவிட்டாள்.

சமையலறையில் நின்றபடியே மாவிஸ் அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, "என்ன சொன்னாங்க?" என்று எமெட் கேட்டான். "குறிச்சிக்கிட்டாங்க" என்றாள்.

ஆல்டனுக்கு இரண்டு வாரம் ஒழுங்காகப் போய்வந்தார்கள். போகும்போது பேசாமல் வருவான். திரும்பும்போது வழியில் இரண்டு இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுப்பான். வீட்டுக்கு வந்தால் மறுநாள் மத்தியானம்வரை எழுந்திருக்க மாட்டான். எழுந்தால் அடுத்த நாளே மறுபடி போக வேண்டியிருக்கும். அங்கே ஜன்னல் இல்லை. அங்கே மெஷினுக்கு அவன் பெயர் எதுவும் வைக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை காலை மாவிஸ் காரைக் கிளப்பிச் சூடு பண்ணிவிட்டு உள்ளே வந்தாள். எமெட் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"கெளம்புய்யா, லேட்டாகுது."

"இன்னிக்கு வேணாம் மாவிஸ். வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்."

"ரெண்டு நாள் போதாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல?"

"தெரியும்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் தோளில் கை வைத்தாள். எத்தனை ஆயிரம் முன்பின் தெரியாத ஜனங்களைப் பேசிப் பேசி எழுப்பி உட்காரவைத்தவள்! இந்த ஒரு ஆளை எழுப்ப முடியாதா?

"இங்க பாரு எமெட், நீ எனக்காக ஒரே ஒரு காரியம் பண்ணு. நீ இல்லாம நான் இந்த வீட்டுல என்ன பண்ணுவேன்? அந்த நாற்காலி காலியாக் கெடந்தா நான்..."

"அந்தக் குரல் வேணாம்" என்றான் எமெட்.

"எந்தக் குரல்?"

"ஆபீஸ்ல பேசுவியே, அது. சென்டர்ல ரோசாலின் சொன்னதெல்லாம் என் காதுலயும் விழுந்துச்சு மாவிஸ். உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா அந்தக் குரல்ல எங்கிட்டப் பேசாத."

இது ஆபீஸ் குரல் இல்லை, என் குரல்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதைச் சொன்னாலும் அதே மாதிரிதான் கேட்கும் என்று பட்டது. வேறு எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே போய்க் காரை அணைத்துவிட்டு வந்து, அவன் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவர்கள் போகவில்லை.