கிழமை தின்னும் நாட்காட்டி

ஒரு நாட்காட்டி மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவரக் கொஞ்ச நாளே இருந்தபோது, ரொட்டி சுடுகிறவர் ஒருவரின் வீட்டில் வியாழக்கிழமை வருவது நின்றுபோனது. புதன் இரவு படுத்தால் வெள்ளி காலையில்தான் விழிப்பு. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் வியாழன் ஒழுங்காக வந்தது. அவருக்கும் செவிலியான அவர் மனைவிக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைப்பது அந்த ஒரு நாள்தான் என்பதால், இருவரும் வாசற்படியில் கடந்துபோகிறவர்களாக ஆனார்கள். சோதனைக்கு விட்ட அந்தப் பதிப்பைக் கணினியில் ஏற்றிய வாரத்திலிருந்துதான் இப்படி என்று அதை உருவாக்கியவர்களுக்கு அவர் புகார் எழுதிப்போட்டார்.

அந்த மென்பொருளைச் சம்பளமில்லாமல் பல ஊர்க்காரர்கள் கூடி எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்த்துத் திருத்தலாம். வந்து குவியும் பிழைகளில் எது வெளியீட்டுக்கு முன் சரியாக வேண்டும், எது அடுத்த ஆண்டுக்குப் போகலாம், எதை மூடிவிடலாம் என்று பிரிப்பவளுக்குச் சல்லடை என்று பெயர். பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். தங்கை விரும்பிய பையனின் குறைகளை முக்கியத்துவ வரிசையில் எழுதிக் கொடுத்த கறார்க்காரி. தங்கை அவனையே கட்டிக்கொண்டு அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இன்னொரு வீட்டிலும் வந்தால்தான் அது பிழை என்பது சல்லடையின் சட்டம். தன் வீட்டிலும் ஏற்றிப் பார்த்தாள். வியாழன் அழையா விருந்தாளியாகத் தவறாமல் வந்து நின்றது. ‘எங்களிடம் வரவில்லை’ என்று எழுதிப் புகாரை மூடினாள். ரொட்டிக்காரர் திறந்தார். மறுபடி மூடினாள். மறுபடி திறந்தார்.

இப்படியிருக்கையில் வருடக்கணக்கில் பேசாத தங்கை போன் செய்தாள். “ஞாயித்துக்கிழமை வரேன்க்கா. இருப்பியா?”

வாரம் முழுக்கச் சல்லடைக்கு வேறு நினைப்பில்லை. திரைச்சீலைகளைத் துவைத்தாள். மன்னிப்புக் கேட்டுப் பழகினாள். வார்த்தை லேசில் வரவில்லை. சனி இரவு படுத்தாள், எழுந்தால் திங்கள். போனில் தங்கையின் செய்தி கிடந்தது: “தட்டித் தட்டிப் பார்த்தேன். பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாம். இனிமே வரமாட்டேன்.”

முதலில் வாய்விட்டு அழுதாள். முகம் கழுவிய பிறகு விஷயம் பிடிபட்டது. அவள் வீட்டில் யாரும் வியாழனுக்காகக் காத்திருக்கவில்லை. ஏங்கிக் காத்திருக்கும் நாளைத்தான் அந்த நாட்காட்டி விழுங்குகிறது.

வெளியீட்டைத் தள்ளிவைக்கச் சொன்னாள்; அதற்குப் பொறுப்பானவர் ஒப்பவில்லை. தேதி அறிவித்தாயிற்று. “ரெண்டு வீட்டுக்காக எல்லாத்தையும் நிறுத்த முடியுமாம்மா? அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்.”

“உங்க வீட்டுல யாரும் எதுக்கும் காத்திருக்கலையா சார்?” என்று கேட்டாள் சல்லடை.

கணினி வழியே நடந்த கூட்டத்தில் பல ஊர்களிலிருந்து பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவரவர் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தார்கள். வெளியீடு தள்ளிப்போனது.

திருத்தம் எழுதியவர், விழுங்கிய நாட்களை நாட்காட்டி திருப்பிக் கக்கும்படியும் செய்தார். ரொட்டிக்காரர் வீட்டில் வியாழன்கள் வரிசையாக வந்தன. கடை பூட்டியே கிடந்தது. ரொட்டி கிடைக்காதவர்கள் திட்டித் தீர்த்தார்கள். சல்லடையின் ஞாயிறு ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டு ஓடினாள். வெளியே தங்கை.

“எவ்ளோ நேரம்க்கா தட்டுறது?”

சல்லடை அந்தச் செய்தியைக் காட்டினாள். தான் அனுப்பவே இல்லை என்றாள் தங்கை; அவளுக்கு அன்றுதான் அந்த ஞாயிறு.

“உன் வீட்டுக்காரர் வரலையா?”

“கீழ நிக்கிறாரு. உனக்குப் பயந்துகிட்டு.”

சல்லடை செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனாள். தெருவில் செவ்வாய், ஆட்கள் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் விடுமுறைச் சட்டையில், எந்த அவசரமும் இல்லாமல், நகத்தைக் கடித்தபடி நின்றார். “உள்ள வாங்க மாப்பிள்ளை” என்றாள். பழகி வைத்த மன்னிப்பு அதற்குமேல் வரவில்லை. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

கடையைத் திறக்கப் போய்க்கொண்டிருந்த மூக்குக் கண்ணாடிக் கடை முதலாளி வண்டியை நிறுத்தி, வேலைக்கு வரவில்லையா என்று கேட்டார்.

“எங்க வீட்டுல இன்னிக்கு ஞாயித்துக்கிழமை சார்.”

“அப்படியா? சரி, நாளைக்கு வந்துடு” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.