புகையில்லாத சனிக்கிழமை

உலகப் போரால்கூட முடியாததை நான் ஒருத்தி செய்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை மாலை, பின்லாந்தின் ஈசல்மி ஊரில் ஒரு சௌனாகூட எரியாமல் நிறுத்தினேன். குண்டு விழுந்த காலத்திலும் அடுப்பு மூட்டி, சுட்ட கல்லில் நீரூற்றி, ஆவியில் உட்கார்ந்து வியர்த்த ஜனம் அது. அன்று அத்தனை பேரும் குளிக்காமல் தொலைக்காட்சி முன்னால் கிடந்தார்கள், ஐரோப்பியப் போட்டியில் நான் பனித்தரையில் சறுக்கி ஆடுவதைப் பார்க்க. எனக்கு இருபது வயது. அந்த வருடம் பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் தைமி என்று என் பெயர்தான். குழந்தைகள் தீர்ந்த பிறகு கன்றுக்குட்டிகளுக்கு வைத்தார்கள். காபி டப்பாவில் என் முகம். அதனால் தூள் கூடுதலாக மணக்கிறது என்று பாதிரியாரே பிரசங்கத்தில் சொன்னார்.

"புளுகாதடி," என்பாள் ஹில்க்கா. பக்கத்து வீட்டில் என்னோடு வளர்ந்தவள். தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். அன்று ஊரிலிருந்தவர்களில் எனக்கு மிஞ்சியவள் அவள் மட்டும்தான். ஐம்பது வருடமாக அந்தச் சனிக்கிழமையை அவள் ஒப்புக்கொண்டதேயில்லை. நாளை ஔலு நகரத்துக்கு, மகள் வீட்டோடு இருக்கப் போகிறாள். அவளும் போய்விட்டால் நான் விழுந்ததற்கு மட்டும்தான் சாட்சி இருக்கும். அது படச்சுருளில் பத்திரமாக இருக்கிறது.

ஆமாம், விழுந்தேன். இரண்டாவது தாவலில். மொத்த பின்லாந்தும் பார்க்க, உட்கார்ந்தபடியே பாதி அரங்கைத் துடைத்துக்கொண்டு போனேன். அந்த முகத்தோடு ஊர் திரும்பக் கூசி, அங்கிருந்தே ஒரு சறுக்காட்டக் குழுவோடு ஓடிவிட்டேன். கரடி வேஷம்கூடப் போட்டேன். ஒன்பது வருடம். முற்றத்தில் வாளி வாளியாக நீரூற்றி, உறையவைத்து, எனக்கு ஆடுகளம் செய்து தந்த அப்பாவுக்கு நான் எழுதியது நான்கே தபால் அட்டைகள். கொண்டுபோய்க் கொடுத்தவள் ஹில்க்கா. நான் திரும்பியபோது அவர் மண்ணுக்குள் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இன்று எங்கள் குடியிருப்புச் சௌனாவின் மேல் பலகையில், கடைசி முறையாக அவளிடம் கேட்டேன்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவ சொல்லிட்டுப் போயேண்டி. ஒரு வீட்லயும் அன்னிக்குப் புகை வரலதானே?"

"ஒனக்கு இன்னும் அந்தப் பெரும போகலியாடி, கரடி?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கல்லில் ஒரு அகப்பை நீர் ஊற்றி, சீறல் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ஒரு வீட்ல வந்துச்சு. ஒங்க வீட்ல."

"பொய்."

"டிவில ஒம் பேரக் கூப்பிட்டதும் ஒங்கப்பாவக் கூட்டிட்டு வர ஓடினேன். வெறகு போட்டுட்டு இருந்தார். 'பாக்க எனக்கு நெஞ்சு தாங்காதும்மா. ஜெயிச்சாலும் தோத்தாலும் புள்ள இங்கதானே வரும், சூடா இருக்கணும்'னார். அப்புறம் ஏழு வருஷம், சனிக்கிழம தவறாம, பலகையில ரெண்டு துண்டு மடிச்சு வச்சார். இத ஒங்கிட்ட எப்படிடி சொல்றது? அதான் எல்லாத்தையுமே புளுகுன்னேன்."

என் கையிலிருந்த துண்டை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

"மத்தபடி நீ சொன்னது நெசந்தான்," என்றாள். "ஒங்க வாசல்ல நின்னு சுத்திப் பாத்தேன். அந்த வெள்ள வானத்துல, ஊரு மொத்தத்துக்கும், அந்தப் புகை ஒண்ணுதான் மேல போயிட்டிருந்துச்சு."